பேக்கன் போர்த்திய வெண்டைக்காய்

நட்சத்திர ஓட்டல் மெனுவில் ‘ஸ்டார்ட்டர்’ என்று ஒரு பகுதி இருக்கும். சாப்பாட்டுக்கு முன்னால் பசியைக் கிளப்பிவிடுகிற சில்லறை ஐட்டங்கள். அதில் காய்கறியைப் பேக்கனில் சுற்றிச் சுட்டுத் தருவதும் ஒன்று. பெயரைக் கேட்டால் ஏதோ பெரிய வித்தை மாதிரி தெரியும். பிரித்துப் பார்த்தால் இரண்டே பொருள். ஒரு துண்டு காய், அதைச் சுற்றி ஒரு நாடா அளவு பன்றிக்கறி. அவ்வளவுதான்!

பேக்கன் என்பது பெரும்பாலும் பன்றியின் வயிற்றுப் பக்கத்துக் கறி. கறியும் கொழுப்பும் வரி வரியாக அடுக்கியிருக்கும். அதை உப்பில் ஊறவைத்து, புகை போட்டு, மெல்லிசாகச் சீவுகிறார்கள். குளிர்சாதனப் பெட்டி வருவதற்கு முன்பு கறி கெடாமல் இருக்க ஐரோப்பாக்காரர்கள் கையாண்ட வழி இது. ஆட்டுக்கறியில் உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து, வெயிலில் காயவைத்து நம் வீடுகளில் உப்புக்கண்டம் போடுகிறார்களே, அதே யோசனைதான். நம்மிடம் வெயில் இருந்தது, அவர்களிடம் புகை இருந்தது.

இப்படிக் கறியில் எதையாவது சுற்றிச் சுடுவது இங்கிலாந்தில் பழைய பழக்கம். உலர்ந்த பிளம்ஸைச் சுற்றினால் ‘குதிரை ஏறிய பிசாசுகள்’, சிப்பியைச் சுற்றினால் ‘குதிரை ஏறிய தேவதைகள்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைப்பதில் அவர்களும் சளைத்தவர்கள் இல்லை!

எதற்காகச் சுற்ற வேண்டும்? மேல்மலையனூரில் அமாவாசை ராத்திரி அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம் பார்க்க வரும் கூட்டத்துக்குப் பஜ்ஜி போடுகிறவர்களைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். மாவு காய்க்குப் போர்வை. வெளியே எண்ணெய் காய்ந்துகொண்டிருக்க, உள்ளே வாழைக்காய் தன் ஆவியிலேயே வெந்துவிடும். பேக்கனும் ஒரு போர்வைதான். ஒரே ஒரு வித்தியாசம், இங்கே எண்ணெய் ஊற்ற வேண்டாம், போர்வையே எண்ணெய் விடும். அதிலிருக்கும் கொழுப்பு உருகி, உப்போடு சேர்ந்து காய்க்குள் இறங்கும். சப்பென்று இருக்கும் காய்க்கும் ருசி வந்துவிடும்.

செய்முறைக்கு வந்தால், பிஞ்சு வெண்டைக்காய் நல்ல பொருத்தம். கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வழவழக்கும். காம்பைச் சீவி, நடுவில் ஒரு கீறல் போட்டு, தட்டிய பூண்டையும் மிளகுத்தூளையும் உள்ளே தடவுங்கள். உப்பு வேண்டவே வேண்டாம், பேக்கனிலேயே தேவைக்கு மேல் இருக்கிறது. ஒரு துண்டு பேக்கனைப் பாதியாக வெட்டி, லேசாக இழுத்து, ஒரே அடுக்காகச் சுற்றுங்கள். இரண்டு சுற்று சுற்றினால் உள் சுற்று வேகாமல் ரப்பர் மாதிரி நிற்கும். சுற்றின் முனை அடியில் இருக்கும்படி தோசைக்கல்லில் வைத்து, சின்னத் தீயில் திருப்பித் திருப்பிப் போட்டால் கால் மணி நேரத்தில் மொறுமொறுப்பாகிவிடும். ஓவன் என்றால் 200 டிகிரி செல்சியஸில் 20 முதல் 25 நிமிடம். கேரட், உருளைக்கிழங்கு மாதிரி கெட்டியான காய்களை அரைவேக்காடு வேகவைத்துவிட்டுச் சுற்ற வேண்டும். சுரைக்காய், பூசணிக்காய் பக்கமே போகாதீர்கள், தண்ணீர் விட்டு எல்லாவற்றையும் நமநமக்க வைத்துவிடும்.

இனி மேல்மலையனூர் பக்கம் ஒரு வீட்டுக் கதை. கேட்டரிங் படிக்கிற பையன் லீவுக்கு வரும்போது புதுச்சேரியிலிருந்து ஒரு பாக்கெட் பேக்கனை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான். படித்த வித்தையை அம்மாவுக்குக் காட்ட வேண்டுமே! சுட்டு, தட்டில் வரிசையாக அடுக்கி, பக்கத்தில் புதினாச் சட்னியும் வைத்தான். அம்மா ஒன்றை எடுத்துக் கடித்தார். மெதுவாக மென்றார்.

“இது பன்னிக்கறி தானேடா?”

“பேக்கன்மா.”

“எல்லாம் ஒண்ணுதான். ஒங்க தாத்தா ராத்திரியில பேப்பர்ல சுத்தி எடுத்தாருவாரு. பின்கட்டுல தனிச்சட்டில ஆக்குவோம். வாசக்கதவச் சாத்திட்டுத்தான் சாப்புடுவோம். அதையே நீ வெண்டைக்காயில சுத்தி வெச்சா பெரிய ஓட்டலு சாப்பாடா?”

பையனிடம் பதில் இல்லை. பள்ளிக்கூடத்தில் ‘நேத்து என்னடா கொழம்பு?’ என்று யாராவது கேட்டால் ‘கோழி’ என்று சொல்லிப் பழகியவன் அவன். பன்றிக்கறி தின்கிற வீடு என்று தெரிந்தால், அடுத்த கேள்வி சாதியில் போய் நிற்கும் என்று அந்த வயதிலேயே அவனுக்குத் தெரிந்திருந்தது. ஓட்டல் பயிற்சியிலோ அதே கறியை வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு பரிமாறினான். சாப்பிட்டவர்கள் யாரும் கதவைச் சாத்தவில்லை.

பழைய காலத்தில் இந்தக் கறிக்கு இப்படி ஒரு வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, வழியில் பாணனுக்குக் கிடைக்கும் விருந்துகளில் ஒன்றாகப் பன்றிக்கறியைச் சொல்கிறது. அதுவும் சும்மா கறி இல்லை. மாவு தின்னக் கொடுத்து, குழியில் நிறுத்திப் பல நாள் கொழுக்க வளர்த்த ஆண் பன்றியின் கறி, கூடவே கள்ளும் உண்டு. கொழுப்பில்தான் ருசி என்று பேக்கன்காரர்களுக்குத் தெரிந்தது நம் ஆட்களுக்கும் தெரிந்திருக்கிறது.

‘பன்றி என்றால் நோய் வருமே’ என்பார்கள். பாதி உண்மை. தெருவில் மேயும் பன்றியின் கறியைச் சரியாக வேகவைக்காமல் தின்றால் குடலில் நாடாப்புழு வரும். ஆனால் மூளையில் கட்டி உண்டாவது அந்தப் புழுவின் முட்டை வாய்வழியாக உள்ளே போவதால். மனிதக் கழிவு கலந்த தண்ணீர், கழுவாத கை, கழுவாத பச்சைக் காய்கறி, இவற்றின் வழியாகத்தான் அது வரும். அதனால் கறியே தொடாதவர்களுக்கும் அந்த நோய் வருகிறது. ஆக, இந்தப் பண்டத்தில் வெண்டைக்காயைக் கழுவுவதும் கறியை வேகவைப்பதும் சம அளவு முக்கியம். இப்போது கொட்டிலில் தீவனம் போட்டு வளர்க்கும் வெண்பன்றிப் பண்ணைகளும் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்த கறியாகக் கேட்டு வாங்குவது நல்லது.

உப்பும் கொழுப்பும் அதிகம் என்பதால் ஆளுக்கு இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சூடாகச் சாப்பிடுங்கள், ஆறினால் கொழுப்பு உறைந்து நாக்கில் ஒட்டும். பிடிக்காதவர்கள் பஜ்ஜி சாப்பிடட்டும், அதில் ஒன்றும் குறைவில்லை. பிடித்தவர்களை யாராவது ‘என்ன கறி?’ என்று கேட்டால், பன்றிக்கறி என்றே சொல்லுங்கள். கதவு திறந்தே இருக்கட்டும்.