மூன்றாம் மெட்டில் பஞ்சமம்

ஜூன் 2, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. சங்கீத அறை அலுமாரியைத் திறந்தேன். யாரோ அன்பளிப்பாகத் தந்த மர யுகுலேலேயின் முதுகுப் பலகை பசைவிட்டுப் பிளந்து கிடந்தது. விரல் நுனி உள்ளே போகிறது. தென்மேற்குப் பருவம் வந்துவிட்டால் எங்கள் ஹந்தானைத் தோட்டப் பாடசாலையில் பனிமூட்டம் ஜன்னல் வழியே ஏறி வந்து பிள்ளைகளோடு வாங்கில் உட்கார்ந்துகொள்ளும். கதவே ஊதிப்போய் மூட மறுக்கிற இடத்தில் மெல்லிய பலகை எம்மாத்திரம்?

பழைய மாணவர்கள் வாத்தியம் வாங்கச் சேர்த்த பணம் அதிபரிடம் இருக்கிறது. “பிளாஸ்டிக்கிலயும் வருதாமே டீச்சர். அதையே எடுங்க, பிள்ளைக்கு ஒண்ணு குடுக்கலாம்” என்றார். வகுப்பில் பதினைந்து பேர். வீணை படித்தவளுக்குப் பிளாஸ்டிக் என்றதும் முகம் சுருங்கியது. ஒரு வீணையின் விலையை நினைத்ததும் சுருக்கம் தானாக விட்டது.

ஜூன் 4, புதன்

இரவு மின்சாரம் இருந்தவரை யுகுலேலே பற்றி வாசித்தேன். 1879இல் போர்த்துக்கேயரின் மதெய்ரா தீவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகக் கப்பலேறிய குடும்பங்கள், மஷேட்டி என்ற சின்னத் தந்தி வாத்தியத்தை ஹவாய்க்குக் கொண்டுபோயின. அங்கே அது யுகுலேலே ஆனது. தோட்ட வேலைக்குக் கடல் கடந்தவர்களின் வாத்தியம் தோட்டப் பிள்ளைகளின் கைக்கு வருவதில் ஏதோ ஒரு முறை இருக்கிறது.

பிளாஸ்டிக்கும் நேற்று வந்ததல்ல. பாரிஸில் பேர்பெற்ற கிதார்களை வடிவமைத்த இத்தாலியர் மாரியோ மக்காஃபெரி, பிறகு அமெரிக்காவில் பிளாஸ்டிக் உடுப்புக் கிளிப் செய்து பணம் பார்த்தவர். 1949இல் அதே கையோடு பிளாஸ்டிக் யுகுலேலே இறக்கினார். விலை ஆறு டொலருக்கும் குறைவு. கிதார் செய்யத் தெரிந்தவர் செய்தது; பொம்மைக்காரர் செய்ததல்ல. 1960களின் பிற்பகுதியில் கனடாவின் ஹாலிஃபக்ஸ் பாடசாலைகளில் சால்மர்ஸ் டோன் வகுப்பு வகுப்பாக யுகுலேலே வைத்தே சங்கீதம் படிப்பித்தார். ஆக, கேட்கவேண்டியது எதனால் செய்தார்கள் என்பதை அல்ல, மெட்டு சரியாக நிற்கிறதா என்பதை.

ஜூன் 7, சனி

கண்டி டவுனில் ஒரு கடை. பொம்மை யுகுலேலேகள் கலர் கலராகத் தொங்கின. ஒன்றை எடுத்துச் சுருதி சேர்த்தேன். பிருடை வெறுமனே செருகியது. விட்ட கையோடு வழுகியது. தந்தி மெட்டுக்கு மேல் அரை விரல் உயரத்தில் நின்றது. அப்படி நின்றால் அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுருதி ஏறிவிடும். முதல் மெட்டிலேயே ஏறியது.

“சின்னப் பிள்ளைங்களுக்குத்தானே மிஸ்” என்றான் கடைப் பையன்.

சின்னப் பிள்ளைகளுக்கு என்பதுதான் என் கவலையே. என் காது பிசகைப் பிசகென்று தள்ளிவிடும். ஆறாம் வகுப்புக் காதுக்கு முதலில் கேட்டதுதான் பஞ்சமம்.

ஜூன் 8, ஞாயிறு

கடையில் தெரிந்தவரிடம் இரவல் வாங்கி வந்த நல்ல பிளாஸ்டிக் ஒன்று மடியில். இருபத்தொரு அங்குலம்; அதில் தந்தி ஓடுவது பதின்மூன்று அங்குலம்தான். இவ்வளவு குட்டையில் மெட்டு ஒரு மில்லிமீற்றர் தள்ளினாலும் காட்டிக் கொடுத்துவிடும்.

மாயாமாளவகௌளையைத் தேடினேன். மூன்றாம் தந்தியை வெறுமனே மீட்டினால் ஷட்ஜம், முதல் மெட்டில் சுத்த ரிஷபம். இரண்டாம் தந்தி வெறுமனே காந்தாரம். ஒன்றாம் மெட்டு மத்யமம், மூன்றாம் மெட்டு பஞ்சமம், நான்காம் மெட்டு சுத்த தைவதம். முதல் தந்தியின் இரண்டாம் மெட்டில் நிஷாதம், மூன்றாவதில் மேல் ஷட்ஜம். சரளி வரிசை நான்கு விரலுக்குள் அடங்கிவிட்டது! கமகம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அதெல்லாம் குரலிலேயே இருக்கட்டும்.

மேலே இருக்கும் நான்காம் தந்தி முதலில் எரிச்சலூட்டியது. வரிசைப்படி தடித்து இறங்காமல் திடீரென்று உயர்ந்து நிற்கிறது. மீட்டிப் பார்த்தால் அதே பஞ்சமம். பக்கத்துத் தந்தியோடு சேர்த்தால் ச–ப: குட்டித் தம்புரா. சோதனையும் கையோடு கிடைத்தது. மூன்றாம் மெட்டுப் பஞ்சமத்தையும் இந்தப் பஞ்சமத்தையும் ஒன்றாக மீட்டவேண்டும். இரண்டும் கலந்து ஒன்றானால் வாங்கலாம். அலை அலையாக நடுங்கினால் திருப்பிக் கொடுக்கலாம்.

ஜூன் 14, சனி

பன்னிரண்டு உருப்படிகளைச் சோதித்து ஐந்தை எடுத்தேன். பல்சக்கரப் பிருடை, நைலோன் தந்தி, தாழ்ந்த உயரம். மரத்தின் கார்வை இல்லை, சத்தமும் கொஞ்சம் ஒல்லி. ஒன்றின் விலைக்குப் பொம்மையில் மூன்று வரும். “அஞ்சுதானா?” என்று அதிபர் சாக்குக்குள் எட்டிப் பார்த்தார். “மூணு பேருக்கு ஒண்ணு சேர்” என்றேன். பிள்ளைக்கு ஒன்று என்ற அவர் கணக்கு உடைந்ததில் அவருக்கு வருத்தம்தான்.

ஜூன் 19, வியாழன்

புதுத் தந்தி நான்கைந்து நாளாக நீண்டுகொண்டே இருந்தது. தினமும் காலையில் முறுக்கினேன். இன்று முதல் வகுப்பு. மூவரில் ஒருத்தி சரளி வாசிக்க, அடுத்தவள் தாளம் போட, மூன்றாமவள் பாடவேண்டும். பிறகு இடம் மாறவேண்டும். சும்மா இருக்க ஒருவருக்கும் வாய்ப்பில்லை.

பின்வரிசைச் சிறுமி ஒருத்தி விரல் வெளுக்க அழுத்தினாள். பஞ்சமம் சற்றே ஏறியது. நான் வாய் திறக்கவில்லை. நெற்றியைச் சுருக்கினாள், விரலைத் தளர்த்தினாள், மறுபடி மீட்டினாள். “டீச்சர், ரெண்டும் ஒண்ணாயிருச்சு.”

பாடவேளை முடிந்து அடுக்கும்போது ஒன்றின் முதுகில் கூரை ஒழுகிய தண்ணீர் குளமாக நின்றது. முந்தானையால் துடைத்து அலுமாரியில் வைத்தேன். அவ்வளவுதான்.