மகள் வாங்கப் போகும் பழைய மின்சாரக் கார்



மிச்சிகனில் இருக்கும் என் மகள் பழைய செவ்ரொலே போல்ட் மின்சாரக் கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாள் என்று சொன்னதிலிருந்து, "அது தீப்பிடிக்கிற கார் ஆச்சே டீச்சர்" என்று மூன்று பேர் போன் செய்துவிட்டீர்கள். எனக்கும் பயம்தான். அவர்கள் வீட்டில் கார் நிறுத்தும் அறைக்கு நேர் மேலே பேரன் தூங்குகிறான்.

உட்கார்ந்து படித்தேன். 2021 ஆகஸ்டில், அதுவரை செய்த போல்ட் கார்கள் அத்தனையையும், சுமார் 1,40,000, கம்பெனி திரும்ப அழைத்தது. ஏழாம் வகுப்பில் டார்ச் செல்லைப் பிரித்துக் காட்டுவேனே, நினைவிருக்கிறதா? கார் செல்லில் இரண்டு மின்வாய்களுக்கு நடுவே மெல்லிய தடுப்பு ஒன்று உண்டு. சில செல்களில் அது மடிந்திருந்தது. மின்வாயின் முனைத்தகடும் கிழிந்திருந்தது. அபூர்வம்தான், ஆனால் இரண்டு குறையும் ஒரே செல்லில் சேர்ந்தால் தீ. சரிசெய்யும்வரை 90 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றாதீர்கள், வெளியே நிறுத்துங்கள் என்றார்கள்.

பிறகு பல கார்களுக்குப் பேட்டரியையே மாற்றி, அதற்கு 8 வருட உத்தரவாதமும் கொடுத்தார்கள். 2020 முதல் 2022 வரையிலான மாடல்கள் சிலவற்றுக்குக் கண்காணிக்கும் மென்பொருள் மட்டும்தான்; 10,000 கிலோமீட்டர் ஓடும்வரை அது சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும். இந்த வித்தியாசத்தைத்தான் மகளிடம் கேட்கச் சொன்னேன். அரசுத் தளத்தில் சேசிஸ் நம்பரைப் போட்டால் வேலை பாக்கி இருக்கிறதா என்று தெரியும். என்ன வேலை செய்தார்கள் என்பதற்கு சர்வீஸ் காகிதம் வேண்டும்.

அவள் பார்த்தது 2019 மாடல். பேட்டரி மாற்றிய காகிதம் வந்துவிட்டது. ஆனாலும் முதல் மாதம் வாசலில்தான் நிறுத்தணும் என்று சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளை சிரிக்கிறார். சிரிக்கட்டும்.