கால்வாயிலே ஒரு குட்டிக் கப்பல்

வெள்ளவத்தை மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த இடம் என்பதை அங்கு வாழ்வோரே பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். வடக்கே பம்பலப்பிட்டியிலிருந்து அதனைப் பிரிப்பது வெள்ளவத்தைக் கால்வாய், தெற்கே தெகிவளையிலிருந்து பிரிப்பது தெகிவளைக் கால்வாய், மேற்கே கடல். காலி வீதியில் பஸ்ஸிலே செல்பவர் புடைவைக் கடைகளையும் நகைக் கடைகளையும் பார்த்துக்கொண்டே போவதால், பாலம் வந்ததையும் அறியார், போனதையும் அறியார். இறங்கி நின்று கீழே நோக்கினால்தான் கால்வாய் கண்ணிற்படும். புகையிரதப் பாலத்தின் அடியாற் புகுந்து, மணல் திட்டு வழிவிடும் நாட்களில், அது மெல்ல மெல்லக் கடலைச் சென்று சேர்கிறது.

இக்கால்வாயின் கரையிலேதான் ஒரு மாலை நேரம் நாம் அந்தப் புதுவகைக் கப்பலைக் கண்டோம். நீளம் ஒரு முழத்திற்குச் சற்று அதிகம். செந்நிறம். கரையில் நின்ற சிறுவன் ஒருவன் கையிலிருந்த பெட்டியின் விசையை அழுத்தினான். அவ்வளவுதான்! குட்டிக் கப்பல் நீரைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தது. எதிர்க்கரையில் ஒற்றைக் காலில் நின்ற கொக்கு அலறிப் பறந்தது. தூண்டிலிட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் தமது தூண்டிற் கயிற்றை அவசரமாகச் சுருட்டினார். மறுகணம் கப்பல் மிதந்து வந்த செடிகொடிகளிற் சிக்கி, நடு நீரிலே நின்றுவிட்டது. சிறுவன் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கரையில் இறங்கத் தொடங்கியபோது, அந்த முதியவரே ஓடிச்சென்று அவனுடைய சட்டையைப் பற்றி நிறுத்தினார்.

ஒரு விளையாட்டுப் பொருளைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டுமா என்று வாசகர்கள் வினவலாம். அது இப்போது வெறும் விளையாட்டுப் பொருளாக இல்லை என்பதே எமது விடை.

முன்னாட்களிலே கோயில் திருவிழாக் கடைகளில் தகரக் கப்பல் ஒன்று விற்பார்கள். உள்ளே ஒரு சிறு திரி. அதன்மேல் தட்டையான ஒரு கொதிகலம். அதிலிருந்து பின்புறமாக இரண்டு குழாய்கள். திரியைக் கொளுத்தினால் கொதிகலத்து நீர் ஆவியாகிக் குழாய் வழியே நீரைத் தள்ளும். பின்னர் குளிர்ந்து நீரை மீண்டும் இழுக்கும். ‘டப் டப்’ என்று ஓசையிட்டுக்கொண்டு அது வாளித் தண்ணீரிலே சுற்றிச் சுற்றி வரும். அதனால் எவருக்கும் தீங்கு நேர்ந்ததில்லை, விரலைச் சுட்டுக்கொண்ட பிள்ளைகளைத் தவிர.

வானொலி விசையாற் கப்பலை நடத்தும் வித்தையும் புதியதன்று. நிக்கொலா டெஸ்லா என்னும் விஞ்ஞானி 1898ஆம் ஆண்டிலேயே நியூயோர்க் நகரின் மடிசன் சதுக்க மண்டபத்தில், தொட்டி நீரில் ஒரு சிறு கப்பலைக் கம்பித் தொடர்பின்றி ஓட்டிக் காட்டினார். அவ்வாண்டு நவம்பர் 8ஆம் திகதி அதற்கான காப்புரிமையையும் பெற்றார். ஆயின் அக்கப்பல் ஊர்ந்து சென்றது. இன்றைய கப்பலிலோ லிதியம் பற்றறி இருக்கிறது. நிமிடத்திற்கு இருபதாயிரம் தடவை சுழலவல்ல மோட்டார் இருக்கிறது. பந்தயத்திற்கென்று செய்யப்பட்டவை மணிக்கு 60 கிலோமீற்றரையும் தாண்டும். காலி வீதியிலே மோட்டார் வண்டிக்குக்கூட அவ்வளவு வேகம் ஆகாது.

வேகத்தின் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். மாணவர்கள் இதனைத் தாமே செய்து பார்க்கலாம். இரண்டு கிலோ எடையுள்ள மாதிரிப் படகு மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில் வந்து ஒருவர் மீது மோதினால், அதன் வலு நாலு அங்குல உயரத்திலிருந்து விழும் அதே எடைக்குச் சமம். மணிக்கு 40 கிலோமீற்றரில் வந்து மோதினாலோ, இருபது அடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். வேகம் எட்டு மடங்கு; வலு அறுபத்துநான்கு மடங்கு. இதற்குமேல் அதன் முனையிலும் சுழலியிலும் உள்ள கூர்மை வேறு.

இனிப் பேரை வாவிக்குச் செல்வோம். கொழும்பிலே சிறு கப்பல் விடுவதற்கு எல்லோருடைய மனத்திலும் முதலில் தோன்றும் இடம் அதுதான். போர்த்துக்கேயர் காலத்தில் கோட்டைக்குக் காவலாக உருவாக்கப்பட்ட நீர்ப்பரப்பு அது. காலப்போக்கிலே பெரும் பகுதி தூர்க்கப்பட்டுச் சுருங்கிவிட்டது. எஞ்சிய நீரிலே எத்தனை பேருக்குப் பங்கு! கங்கராமை விகாரையின் பக்கத்திலே சீமா மாலகத்திற்கு வருவோர் ஒருபுறம். அன்னப் பறவை வடிவிலே செய்த மிதிபடகுகளில் குழந்தைகளுடன் உலாவும் குடும்பங்கள் இன்னொருபுறம். மரங்களிலே கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் குடியிருக்கின்றன. கொழும்பு ரோயிங் கழகம் 1864ஆம் ஆண்டிலே தோன்றியது. அது முதலாக இவ்வாவியிலே துடுப்புப் படகுகள் ஓடிவருகின்றன.

பந்தயத் துடுப்புப் படகைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதிலே துடுப்பு வலிப்பவர் படகு செல்லும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அமர்ந்திருப்பார். எதிரே வருவது அவருக்குத் தெரியாது. படகின் உடலோ மிக மெல்லியது. நீர்மட்டத்தோடு ஒட்டிப் பாய்ந்துவரும் ஒரு சிறு கப்பலை அவர் காணும்போது காலம் கடந்திருக்கும். ஆகவே விலக வேண்டிய கடமை முழுவதும் கரையில் நிற்பவருடையதே. மிதிபடகில் இருப்போருக்கும் இது பொருந்தும். அன்னப் படகை விரைந்து திருப்ப எவராலும் முடியாது.

அன்னம் என்றதும் வில்லியம் புரூட் என்ற ஆங்கிலப் பொறியியலாளரின் நினைவு வருகிறது. அவர் 1867ஆம் ஆண்டில் ‘அன்னம்’, ‘அண்டங்காக்கை’ எனப் பொருள்படும் பெயர்களிட்டு இரு வடிவங்களில் மாதிரிக் கப்பல்கள் செய்து, டார்ட் நதியிலே இழுத்துச் சோதித்தார். 1872இல் டோர்க்கீ என்ற கடற்கரை ஊரில் அதற்கெனவே ஒரு நீண்ட தொட்டியையும் அமைத்தார். அவர் கண்ட விதி எளிது. கப்பலின் நீளம் முப்பத்தாறில் ஒரு பங்காகக் குறைந்தால், வேகம் ஆறில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். அப்போதுதான் மாதிரிக் கப்பல் எழுப்பும் அலை, பெரிய கப்பல் எழுப்பும் அலையின் வடிவத்தை ஒத்திருக்கும். நீளத்தின் விகிதத்திற்கு வர்க்கமூலம் கண்டால் வேகத்தின் விகிதம் கிடைக்கும் என்பது இதன் சுருக்கம். உலகத்துப் பெருங்கப்பல்களை வடிவமைப்போர் இன்றும் இவ்விதியையே கைக்கொள்கின்றனர்.

கொழும்புத் துறைமுகத்திலே பெருங்கப்பல்களை இழுத்துச் செல்லும் இழுவைப் படகைப் போல ஒன்றைச் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். முப்பது மீற்றர் நீளமுள்ள படகு நமது கையில் 83 சென்ரிமீற்றராகிவிடும். பெரிய படகு மணிக்கு 12 கடல் மைல் செல்லுமாயின், நமது படகு 2 கடல் மைல், அதாவது 4 கிலோமீற்றருக்கும் சற்றுக் குறைவாகவே செல்ல வேண்டும். அது மனிதன் ஆறுதலாக நடக்கும் வேகம். அதற்குமேல் விரட்டினால் இழுவைப் படகு இழுவைப் படகாகத் தோன்றாது; சவர்க்காரப் பெட்டியிலே மோட்டாரைப் பூட்டியது போலத் தோன்றும். ஆடி வேல் விழாவிலே செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும் இரதத்தை ஓட்டமாக இழுத்துவந்தால் யாருக்குப் பிடிக்கும்?

எனவே, வேகத்திற்கு வரம்பு வேண்டும் என்று நாம் கூறும்போது, பிள்ளைகளின் மகிழ்ச்சியைப் பறிக்க முயல்வதாக எண்ணலாகாது. கால்வாய்களிலும் பேரை வாவியிலும் நடைவேகமே வரம்பு என்று ஒவ்வொரு குடும்பமும் தானே விதித்துக்கொள்ளலாம். விரைவுப் படகிலேதான் ஆசை என்பவர்கள் மொறட்டுவைக்கு அப்பால் பொல்கொடை ஏரியைப் போன்ற அகன்ற நீர்ப்பரப்பை நாடி, உரியவர்களிடம் அனுமதி கேட்டு, ஆளும் பறவையும் இல்லாத மூலையைத் தெரிந்துகொள்ளட்டும். வானொலி தோன்றுமுன் மேனாட்டார் விரைவுப் படகுகளை எவ்வாறு ஓட்டினர் தெரியுமா? குளத்தின் நடுவே ஒரு கம்பத்தை நட்டு, அதிலே கம்பியாற் படகைக் கட்டிவிட்டனர். செக்குமாடு போல அது வட்டத்திலேயே சுற்றியது. வட்டத்திற்கு வெளியே நின்றவர் அஞ்சவேண்டியதில்லை.

இப்போது அந்தக் கம்பியின் வேலையைச் செய்யவேண்டியது படகினுள் இருக்கும் வாங்கிக் கருவி. தொடர்பு அறுந்தவுடன் மோட்டாரைத் தானாகவே நிறுத்தும் ஏற்பாடு நல்ல கருவிகளில் உண்டு. அது உண்மையாகவே வேலை செய்கின்றதா என்பதைக் கரையிலேயே சோதிக்க வேண்டும். படகைத் தாங்கியின்மேல் வைத்து, சுழலியை எட்டத்தே விட்டு, மோட்டார் மெதுவாக ஓடும்போது கைப்பெட்டியை அணைத்துப் பாருங்கள். மோட்டார் நிற்கவில்லையாயின் அன்று படகை நீரில் இறக்கக்கூடாது. மற்ற நேரங்களில் முதலிற் கைப்பெட்டி, பின்னர் படகு என்ற ஒழுங்கில் விசை போடவேண்டும். அணைக்கும்போது படகுதான் முந்தும். இதனை மாற்றிச் செய்து சுழலியில் விரலைக் கொடுத்தவர்கள் உண்டு. லிதியம் பற்றறியை இரவிலே மின்னேற்றத்தில் விட்டு உறங்குவதும், வீங்கிய பற்றறியை மீண்டும் பயன்படுத்துவதும் வீட்டுக்கே தீ வைக்கும் காரியங்கள்.

படகு நடு நீரில் நின்றுவிட்டால் இறங்கவே கூடாது. கால்வாயின் ஆழம் மேலிருந்து தெரியாது, அடியில் சேறு, நீரிலே எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். மெல்லிய கயிற்றிலே ஒரு ரெனிஸ் பந்தைக் கட்டி, அதனைப் படகுக்கு அப்பால் எறிந்து, மெல்ல இழுத்தால் பெரும்பாலும் படகு கரை சேரும். சேராவிட்டால் போகட்டும், காற்று அதனைத் தள்ளிவரும் வரை காத்திருக்கலாம்.

கடலிலே விடலாமே என்பார் சிலர். வெள்ளவத்தைக் கடற்கரையை அறிந்தவர் இதனைக் கேளார். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அலைகள் கற்களின்மீது மோதிச் சிதறும். மற்ற மாதங்களில் கடல் அமைதியாயிருப்பினும், கரைக்கு அருகே புகையிரதப் பாதை இருக்கிறது. கண்ணைப் படகிலே வைத்துக்கொண்டு பின்னாலே அடியெடுத்து வைப்பவனுக்குத் தண்டவாளம் தெரியாது.

கொட்டாஞ்சேனையின் நிலை வேறு. அங்கே கண்ணெதிரே கப்பல்கள் நிற்கும். ஆனால் அந்த நீர் துறைமுகத்திற்குரியது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் நடந்த கொடுமையை அப்பகுதி மக்கள் எவரும் மறக்கவில்லை. அந்த நாட்களிலே ஆளில்லாச் சிறு விமானங்களைப் பறக்கவிடுவதும் நாடு முழுவதிலும் தடுக்கப்பட்டது. அலைவாங்கி நீட்டிய ஒரு பெட்டியைக் கையிலேந்தி, மதிலோரமாக நிற்கும் இளைஞனைக் கண்டால் அங்கே ஒரு தாயின் நெஞ்சு திடுக்கிடும். அவ்விளைஞன் தமிழனாயின் அவனுடைய தாயின் நெஞ்சும் அவ்வாறே. ஆதலால் துறைமுகத்தின் அருகிலும், காவல் உள்ள இடங்களிலும் இப்பெட்டியை உறையிலிருந்து எடுக்கவே வேண்டாம்.

ஊருக்குக் கிழக்கே சென் செபஸ்தியன் கால்வாய் வடக்கு நோக்கிச் சென்று களனி கங்கையை நாடுகிறது. கங்கைக்கு அப்பால் நீர்கொழும்பை நோக்கிச் செல்வது ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் வெட்டப்பட்ட ஹமில்டன் கால்வாய். ஓலைக் கூரை வேய்ந்த பாரப் படகுகள் ஒரு காலத்தில் இந்த நீர்வழியே பொருள்களை ஏற்றிவந்தன. கோலூன்றியும், கரையிலிருந்து கயிற்றால் இழுத்தும் அவற்றை நடத்தினர். மனிதனின் நடையே அங்கு வேகம். மண்கரை அலையால் அரிபடாமல் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம் எனலாம். அகலம் குறைந்த கால்வாயில் ஒரு கரையிற் பட்ட அலை திரும்பி மறுகரையைத் தாக்கும். கரையோரத்துப் புற்களிடையே கூடு கட்டிய பறவைக்கு ஒரு சாண் அலையும் பெருவெள்ளமே. 2018ஆம் ஆண்டில் கொழும்பு, உலகின் முதற் பதினெட்டு ஈரநில நகரங்களுள் ஒன்றாக ராம்சார் அமைப்பினால் அங்கீகரிக்கப்பட்டது. கபரகொய்யாவும் நீர்க்காகமும் நகரத்தின் நடுவே நம்முடன் வாழ்வதற்காகக் கிடைத்த பெருமை அது.

எத்தகைய கப்பலைச் செய்வது என்று கேட்கும் மாணவருக்கு நாம் ஒன்றைச் சொல்வோம். வல்வெட்டித்துறையிலே 1930ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல், பின்னர் ஓர் அமெரிக்கரால் வாங்கப்பட்டு, வல்வை மாலுமிகளுடன் கடல்களைக் கடந்து, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதன் நீளம் 89 அடி. ஐம்பதில் ஒரு பங்காகச் செய்தால் 54 சென்ரிமீற்றர். பலகைத் துண்டும், துணியும், நூலும், பொறுமையும் போதும். அடியிலே ஒரு சிறு மோட்டாரை ஒளித்துவைக்கலாம். பெரிய கப்பல் நல்ல காற்றில் மணிக்கு 8 கடல் மைல் சென்றிருக்கும் என்று கொண்டால், புரூட்டின் விதிப்படி நமது கப்பலின் வேகம் மணிக்கு 2 கிலோமீற்றரைச் சற்றே தாண்டும். வெள்ளவத்தைக் கால்வாயிலே நூறு மீற்றர் தூரம் செல்ல அதற்கு ஏறத்தாழ மூன்று நிமிடம் பிடிக்கும். கொக்கு எழுந்து பறக்காது. தூண்டிற்காரரும் கயிற்றைச் சுருட்ட வேண்டியதில்லை.