விடுமுறைக்கு முன் கதிரவெளி

மட்டக்களப்பு மாவட்டத்தின் வட எல்லையை அண்டி, வாகரைக்கு அப்பால் கடலோரமாய் அமைந்த சிற்றூர் கதிரவெளி. சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு முந்திய தவணை இப்பகுதிப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டக் காலமாகும். இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பந்தல்கள் எழும். அஞ்சல் ஓட்டமும் கயிறிழுத்தலும் வினோத உடையும் பெற்றோரையும் மைதானத்துக்கு அழைத்து வந்துவிடும். அடுத்து வருவது கல்விச் சுற்றுலா.

திருக்கோணேசர் ஆலயம் காண இன்று பேருந்தில் ஏறி அமர்ந்தாற் போதும். முன்னாளிலோ வெருகல் முதலிய துறைகளில் இறங்கி, ‘பாதை’ என்னும் மிதவைக்காகக் காத்து நிற்க வேண்டும். 2011இல் பாலங்கள் திறக்கப்பட்டன. மகாவலியின் கிளையே வெருகலாறு என்பதைப் பாலத்தின்மேல் நின்றே ஆசிரியர் காட்டிவிடலாம்.

இவையெல்லாம் வீண் செலவு என்பாரும் உளர். அவர்க்கு நாம் சொல்வது ஒன்றே. 2004இல் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கிற்று. 2006 நவம்பர் 8ஆம் நாள், இவ்வூர் விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தோர்மீது எறிகணைகள் வீழ்ந்து, 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பள்ளி வளவு அகதிகளின் புகலிடமாய் இருந்த நாளை அறிந்தவர்க்கு, அங்கே பிள்ளைகள் ஓடும் ஓட்டத்தின் அருமை விளங்கும். ஆகவே, பெற்றோர் சுற்றுலாக் காசைத் தயங்காது கொடுப்பாராக. இயலாதார் வீட்டுப் பிள்ளைக்கும் பேருந்தில் ஓர் இடம் கிடைப்பது ஊரார் பொறுப்பாகுக.