ஓடாத கார்களும் சில பேச்சுகளும்

2020 ஏப்ரல், மே மாதங்களில் தமிழில் எழுதப்பட்ட கவிதைகளில் ஜன்னல்கள் அதிகம். ஜன்னலுக்கு வெளியே ஒரு காகம், ஆளில்லாத தெரு, தெருவின்மேல் வெயில். நூறு கவிதைகளுக்குக் குறையாமல் படித்திருப்பேன். மூன்றோ நான்கோ போக மற்றவை எல்லாம் ஒரே வீட்டு ஜன்னலிலிருந்து எழுதப்பட்டவை போலிருந்தன. அதே நாட்களில் இரவு ஒன்பது மணிக்கு மேல் தொலைபேசியில் நான் கேட்டுக்கொண்டிருந்த பேச்சில் இலக்கியம் என்ற பிரக்ஞை துளியும் கிடையாது. ஆனாலும், ஊரடங்குக் காலத்தில் தமிழ் எங்கே உயிரோடு புழங்கியது என்று யாராவது கேட்டால் அந்தப் பேச்சைத்தான் காட்டுவேன். அதன் ஊனத்தையும் சேர்த்து.

பேசியவர்கள் ஐந்து பேர். தருமபுரியில் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர் ஒருவர். பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருப்பவர் ஒருவர். ஓசூரில் ஆலை வேலைக்காரர் ஒருவர், சேலத்தில் பள்ளி ஆசிரியர் ஒருவர். ஐந்தாமவர் எங்கள் பாப்பாரப்பட்டியிலேயே இரண்டு வாடகைக் கார் வைத்திருந்தவர். ஒன்றை அவரே ஓட்டினார். ஐவருக்கும் கார்ப் பைத்தியம். எனக்குக் கார் கிடையாது, ஓட்டவும் தெரியாது. நான் வங்கிக் குமாஸ்தா. மூன்று பேருடைய கார்க் கடன் என் மேஜையைக் கடந்து போனதில் உண்டான சிநேகம். என்னைப் பொறுத்தவரை கார் என்பது ஒரு கணக்கு எண், ஒரு ஆர்.சி. புத்தகத்தின் நகல், மாதம் பிறந்ததும் வரவேண்டிய ஒரு தொகை. எனவே ஆறாவது ஆளாக, பெரும்பாலும் வாய் திறக்காமல், ஒரே அழைப்பில் சேர்ந்துகொண்டேன்.

மார்ச் 25ஆம் தேதி நாடு முழுக்க அடைக்கப்பட்டபோது இவர்களுக்கு வந்த முதல் கவலை பேட்டரி. நின்ற வண்டியில் பேட்டரி இறங்கிவிடும். மூன்று நாளைக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து இருபது நிமிஷம் ஓடவிட வேண்டும். டயர் ஒரே பக்கமாக அமுங்காமலிருக்க வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். எலி ஒயரைக் கடிக்காமலிருக்கப் பானெட்டுக்குள் புகையிலையைக் கட்டி வைக்க வேண்டும். இதெல்லாம் ஒரு வாரத்தில் தீர்ந்துபோயிற்று. அப்புறம் போன பயணங்கள் ஆரம்பித்தன.

இந்தப் பயணக் கதைகளுக்கு ஒரு இலக்கணம் இருந்தது. புறப்பாடு எப்போதும் விடியற்காலை நான்கு மணி. முதல் நிறுத்தம் ஒரு டீக்கடை. அங்கே யார் தூங்கி வழிந்தார்கள் என்பது கட்டாயம் வரும். பிறகு மலை. கொண்டை ஊசி வளைவுகளின் எண்ணிக்கை அவர்களுக்கு ஸ்தோத்திரம் மாதிரி: திம்பம் 27, கல்லட்டி 36, கொல்லிமலை 70. தொப்பூர் இறக்கம் வராத கதையே இல்லை. 'நியூட்ரல்ல விடுறான் ணா லாரிக்காரன், டீசல் மிச்சம் புடிக்கறேன்னு. பாதி இறக்கத்துல பிரேக் சூடாயிடும். அவன் பின்னாடி போகவே கூடாது, முன்னாடியும் போகக் கூடாது.' அப்புறம் எங்கே போவது என்று ஆசிரியர் கேட்பார். தினமும் கேட்பார், தினமும் சிரிப்பார்கள்.

நம்முடைய புதுக்கவிதையில் 'பாதை' என்றும் 'பயணம்' என்றும் வருகிற சொற்களைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தப் பாதையில் ஒரு பள்ளம் உண்டா? சுங்கச் சாவடி உண்டா? பயணம் போகிறவனுக்கு வழியில் பசிக்கிறதா? ஐம்பது வருஷமாக அது எங்கும் போகாத பாதை. இவர்கள் பேச்சில் ராயக்கோட்டை ரோட்டில் எந்த இடத்தில் தார் பெயர்ந்திருந்தது என்பது வரைக்கும் இருந்தது. வார்த்தை பொருளைத் தொட்டுக்கொண்டிருந்தது. விமர்சகர்கள் கவிஞர்களிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன காரியத்தை, ஒரு உதிரிபாகக் கடைக்காரர் ஃபோனில் சர்வ சாதாரணமாகச் செய்துகொண்டிருந்தார்.

கதை முடிகிற இடம் பீர். வண்டி நின்று, சாவியைக் கழற்றி, அறைக்குப் போன பிறகுதான் பாட்டில் திறக்கும். அந்த மட்டில் ஒழுங்கானவர்கள். பீர் அவர்களுக்குப் போதை அல்ல. வந்து சேர்ந்தாயிற்று என்பதற்கான அத்தாட்சி. அதனால்தான் சரக்கைப் பற்றி அவர்கள் பேசவே இல்லை. தமிழ்நாட்டு பீர் குடியனுக்கென்று ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது: 'கூலிங் இருக்கா?' கடைக்காரர் பதில் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டுவார், இல்லை என்று. பாண்டிச்சேரிக் கதைகளில் அந்தத் தலை வேறு மாதிரி ஆடும். பாண்டிச்சேரியை அவர்கள் சொர்க்கமாகக் கொண்டதற்கு விலை ஒரு காரணம், அந்தத் தலையாட்டல் இன்னொன்று. 2020 மே மாதம் அங்கே கடைகளைத் திறந்தபோது, தமிழ்நாட்டுக்காரர்கள் படையெடுக்காமலிருக்கக் கொரோனா வரி போட்டு விலையைத் தமிழ்நாட்டு விலைக்கு உயர்த்தினார்கள். அன்று இரவு அழைப்பில் இழவு வீட்டுக் களை.

மதுவிலக்கு எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல என்பதை இங்கே சொல்லவேண்டும். 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி மந்திரிசபை சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கை அமல் செய்தது சேலம் ஜில்லாவில். பாப்பாரப்பட்டி அப்போது சேலம் ஜில்லா. தருமபுரி தனி மாவட்டமானது 1965ல்தான். போன வருமானத்தை ஈடுகட்ட 1939ல் விற்பனை வரி வந்தது. எங்கள் தாத்தாக்கள் கள்ளை விட்டதற்கு இன்றும் நாம் கடையில் வரி கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று நான் சொன்னபோது, அந்த அழைப்பில் என் பேச்சுக்கு முதன்முதலாகச் சிரித்தார்கள்.

மே 4ஆம் தேதி கர்நாடகத்தில் கடை திறந்தது. ஓசூர்க்காரருக்கு அத்திப்பள்ளி கண்ணுக்கெட்டுகிற தூரம், நடுவில் போலீஸ். மே 7ல் சென்னை நீங்கலாகத் தமிழ்நாட்டிலும் திறந்தார்கள். 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காலை 10 முதல் 1 மணி வரை. 40லிருந்து 50 வரை உள்ளவர்களுக்கு 1 முதல் 3. 40க்குக் கீழே 3 முதல் 5. (சிறுபத்திரிகை உலகத்தின் தலைமுறைச் சண்டைக்கும் இப்படி ஒரு ஏற்பாடு செய்திருக்கலாம்.) மறுநாளே உயர்நீதிமன்றம் மூடச் சொல்லிற்று, 15ஆம் தேதி உச்சநீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது, 16ல் மறுபடி திறந்தது.

இந்த வரிசை எனக்குப் பழக்கப்பட்ட வரிசை. ஒரு மாதம் முன்னால் இதே சுண்ணாம்பு வட்டங்களை எங்கள் வங்கி வாசலில் போட்டிருந்தோம். ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மத்திய அரசு மாதம் 500 ரூபாய் வீதம் மூன்று மாதம் போட்டது. கூட்டம் சேராமலிருக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கப்படி வரச் சொன்னார்கள்: ஏப்ரல் 3ல் 0, 1, 4ல் 2, 3, இப்படி 9ஆம் தேதி வரை. தன் கணக்கின் கடைசி எண் என்னவென்று தெரியாத பெண்கள் விடியற்காலையிலேயே நடந்து வந்து வட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தார்கள். எண் பொருந்தாதவர்களைத் திருப்பி அனுப்புகிற வேலை என்னுடையது. இருக்கிற பணத்தை யாரும் எடுத்துக்கொண்டு ஓடிவிட மாட்டார்கள், அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று நாளைக்கு நூறு தடவை சொன்னேன். இரவு ஒன்பது மணிக்குக் கொல்லிமலை.

அந்தப் பேச்சை வெறுமே ரசித்துக்கொண்டிருக்க என்னால் முடியாமல் போனதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் நான் சொல்லவந்த ஊனம் பேச்சுக்குள்ளேயே இருந்தது. ஏழு வாரம் கேட்டிருக்கிறேன். அந்தக் கதைகளின் சாலைகளில் வந்த மனிதர்கள் மூன்று வகை: சாப்பாடு போடுகிறவன், கை காட்டி நிறுத்துகிறவன், குறுக்கே வருகிறவன். காருக்கு என்ன சம்பந்தமோ அந்த அளவுக்குத்தான் ஆள். தி. ஜானகிராமனும் சிட்டியும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி, காவேரி'யும் காரில் போன பயணம்தான். எங்கள் ஒகேனக்கல் அதில் வருகிறது. அதில் வழியில் தட்டுப்படுகிற மனுஷர்களுக்காக வண்டி நிற்கிறது. இவர்கள் வண்டி வளைவுகளுக்காக நின்றது, டீக்காக நின்றது. தார் பெயர்ந்த இடத்தைப் பார்க்கிற கண் அந்தத் தாரைக் கொட்டியவளைப் பார்க்கவில்லை என்று சொன்னால் ரொம்பப் பிரசங்கமாகிவிடும். பார்வையின் கூர்மையே ஒருவகைக் குருட்டுத்தனமாகவும் இருக்க முடியும் என்பது வேறு பல இடங்களிலும் நாம் பார்த்ததுதான். நம் நல்ல கவிஞர்கள் சிலரிடமும்.

மார்ச் கடைசியில் உதிரிபாகக் கடைக்காரர் நாக்பூர் போன கதையைச் சொன்னார். அவருடைய மகா காவியம்; இரண்டு இரவு ஓடிற்று. தருமபுரி வழியாகப் போகிற 44ஆம் எண் நெடுஞ்சாலையே பெங்களூர், ஹைதராபாத் தாண்டி நாக்பூருக்குப் போகிறது. அனந்தபூர் வெயில், கர்நூல், ஆதிலாபாத் காடு. நாக்பூரைத் தாண்டிப் பெஞ்ச் காட்டில் மிருகங்கள் கீழே கடந்து போவதற்காகச் சாலையையே தூக்கிக் கட்டியிருப்பது. 'புலிக்குப் பாதை வுட்டு ரோடு போட்டிருக்கான் மாப்ளே!' நாக்பூர் லாட்ஜில் பீர், கூலிங்கோடு.

அடுத்த வாரம் பத்திரிகையில் ஒரு செய்தி. வேலைப் பயிற்சிக்காக நாக்பூர்ப் பக்கம் போயிருந்த நாமக்கல் இளைஞர் ஒருவர், ஊரடங்கில் வழியில்லாமல், நண்பர்களோடு ஊருக்குக் கால்நடையாகக் கிளம்பியிருக்கிறார். நடந்தும், கிடைத்த வண்டியில் கொஞ்சம் தொற்றிக்கொண்டும், செகந்திராபாத் வரை வந்து அங்கே ஒரு தங்குமிடத்தில் இறந்துபோனார். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர். நாக்பூரிலிருந்து நாமக்கல்லுக்கு 44ஆம் எண் சாலையைவிட்டு இறங்கவே வேண்டாம். உயிரோடு வந்திருந்தால் தருமபுரியைக் கடந்து, தொப்பூரில் இறங்கித்தான் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

அன்று இரவு மண்டிக்காரர் சொன்னார்: 'நம்ம ரோடு ணா அது.' கொஞ்ச நேரம் எவரும் பேசவில்லை. பிறகு ஓசூர்க்காரர் கணக்குப் போட்டார். சுமார் 1,300 கிலோமீட்டர். நாளுக்கு 40 என்று வைத்தாலும் முப்பத்திரண்டு நாள். வேறெப்படித் துக்கப்படுவதென்று அவருக்குத் தெரியவில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன். தூரத்தை எண்ணாகச் சொல்லித்தான் அவர்களுக்குப் பழக்கம்.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. சுப்பிரமணிய சிவா சிறையிலிருந்து தொழுநோயோடு வெளியே வந்தார். தொற்று என்று சொல்லி அன்றைய அரசு அவரை ரயிலில் ஏறவிடவில்லை. உடம்பெல்லாம் புண்ணோடு கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் அமைத்தார். அங்கே பாரதமாதா கோயிலுக்கு 1923ல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23ல் சிவா இங்கேயே இறந்தார். அவருடைய நினைவு மண்டபத்தைத் தாண்டித்தான் தினமும் வங்கிக்குப் போகிறேன். நோய்க்காக ஒரு மனிதனைப் பயணத்திலிருந்து விலக்குவது என்ன என்பதை இந்த ஊர் நூறு வருஷத்துக்கு முன்பே பார்த்தாயிற்று. இதை அழைப்பில் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு 'ஓ' கிடைத்திருக்கும்.

2021 மே மாதம் இரண்டாவது ஊரடங்கு. ஜூன் 14ல் 27 மாவட்டங்களில் மட்டும் மதுக்கடை திறந்தார்கள். தருமபுரி அதில் உண்டு, சேலம் இல்லை. தொப்பூருக்கு அந்தப்பக்கம் வறட்சி, இந்தப்பக்கம் சுபிட்சம். சேலம் ஆசிரியர் ஒரு வாரம் தினமும் வரைபடம் போட்டார், எந்தக் குறுக்குவழியில் ஏறலாமென்று. கடைசிவரை வரவில்லை. இதை அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

சொல்ல வேண்டியது அந்த ஐந்தாமவரைப் பற்றி. 2020 ஏப்ரல் நடுவிலேயே அவர் பேசுவதை நிறுத்திவிட்டிருந்தார். அழைப்பில் இருப்பார், மூச்சு கேட்கும். பங்குனி, சித்திரைக் கல்யாணச் சவாரிகளும் திருப்பதிச் சவாரிகளும் அத்தனையும் போயிற்று. மற்ற நால்வருக்கும் கார் நின்றுபோனது ஒரு ஏக்கம். இவருக்கு அது அடுப்பு. ரிசர்வ் வங்கி மார்ச் 27ல் கடன் தவணைகளுக்கு மூன்று மாதம் அவகாசம் அறிவித்தது, பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டியது. அவகாசம் என்றால் தள்ளுபடி அல்ல. கட்டாத அசலுக்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். இதை அவருக்கு விளக்கியது நான்தான். 'வண்டிதான் சார் ஓடாது. வட்டி ஓடும், இல்லைங்களா?' என்றார். ஆமாம் என்றேன்.

செப்டம்பரில் ஒரு காரை விற்றார். வாங்கியவர் உதிரிபாகக் கடைக்காரர். நியாயமான விலைதான். ஆனால் அன்றிரவு அழைப்பில் அந்த வண்டியைப் பற்றி எல்லோரும் அவரை வைத்துக்கொண்டே பேசினார்கள்: ஒரே டிரைவர் கை, கிளட்ச் புதுசு மாதிரி, இந்த விலைக்குக் கிடைக்காது. அவரும் இரண்டு விஷயம் சொன்னார், இடதுபக்க ஜன்னல் மழையில் இறுகும் என்றும், ஸ்டெப்னி மாற்ற வேண்டும் என்றும்.

அந்தக் காரில் அவர் போன கடைசி நீண்ட சவாரி 2020 மே மாதம். பெங்களூரில் ஒரு சாவு. இ-பாஸ் கிடைத்து, ஒரு குடும்பத்தை இரவில் ஏற்றிக்கொண்டு போனார். மறுநாள் அழைப்பில், யாரும் கேட்காமலே, அவராகப் பேசினார். கிருஷ்ணகிரி தாண்டியதிலிருந்து ரோடு ஓரமெல்லாம் ஆள் நடக்கிறான் சார், வடக்கத்திப் பசங்க, இருபது முப்பது பேராக. தலையில் பெயிண்ட் பக்கெட், அதற்குள் துணி. ஒருவன் தோளில் குழந்தை தூங்குகிறது. 'ஹைபீம் போட்டா திரும்பிப் பாக்கறாங்க. கண்ணு கூசுதுன்னு கையை வச்சு மறைக்கிறாங்க. அதனால ஓசூர் வரைக்கும் டிம்லயே போனேன். ரோடு தெரியல. மெதுவாதான் போனேன்.'

ஓசூர்க்காரர் கேட்டார்: 'எந்த பல்பு போட்டிருக்கீங்க, ஹாலஜனா, எல்.இ.டி.யா?'

ஹாலஜன் என்றார். எல்.இ.டி. என்றால் எதிரே வருபவர் கண்ணை இன்னும் மோசமாகக் கூசச் செய்யும் என்றார் கடைக்காரர். மழையில் மஞ்சள் வெளிச்சமே மேல் என்றார் மண்டிக்காரர். பல்பு பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்கள். ஹாலஜனுக்கு மேல் வாட் போட்டால் ஒயரிங் உருகிவிடும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.