கரங்களை உயர்த்தத் தயங்குகிறவர்களுக்கு



இந்த மாதம் நான் எழுத எடுத்துக்கொண்ட பொருளைக் கண்டு சிலர் முகம் சுளிக்கக்கூடும். அக்குள் வியர்வையைப் பற்றி ஒரு போதகர் எழுதுவதா என்று கேட்கவும் கூடும். ஆனால் நம்முடைய ஆராதனையின் முறையைச் சற்று எண்ணிப் பாருங்கள். நாம் கரங்களை உயர்த்தித் துதிக்கிற ஜனம். மே மாதத்தில், தகரக் கூரையின் கீழ், இரண்டு மணி நேரம் நின்று பாடுகிறவர்கள். அந்த நேரத்தில் சட்டையின் இரு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு மேல் நனைந்துபோயிருக்கிற ஒரு வாலிபன் என்ன செய்வான்? முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, விரல்களை மாத்திரம் மார்பளவுக்கு உயர்த்துவான். அருகில் நிற்கிறவர்கள் அவனுடைய ஆவியில் அனல் குறைந்துவிட்டதாக எண்ணிக்கொள்வார்கள். மேடையிலிருந்து பார்க்கிற எனக்கோ அவன் யாரென்று உடனே தெரியும். நானும் அப்படியே நின்றவன்.

எனக்கு 13 வயதில் இது ஆரம்பித்தது. திருநெல்வேலி மாவட்டத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் வெள்ளைச் சட்டைதான் சீருடை. கரும்பலகையின் மேற்பகுதியில் எழுதும்படி ஆசிரியர் அழைத்தால் என் நெஞ்சு படபடக்கும். என் தகப்பனாருக்கும் இப்படியே இருந்தது. ஆனால் அவர் வயலில் உழைத்தவர். வயலில் நிற்கிறவனுடைய வியர்வையை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவனுடைய வியர்வையைத்தான் உலகம் பார்க்கிறது. பிற்பாடு வேதாகமக் கல்லூரியில் பிரசங்கக்கலை வகுப்பில், உடன் மாணவர்கள் முன்பாக ஒவ்வொருவரும் பிரசங்கித்துக் காட்டவேண்டும். எந்த வெயிலிலும் நான் கோட்டைக் கழற்றாமல் பிரசங்கித்தேன். என்னுடைய கம்பீரத்தை ஆசிரியர் மெச்சினார்!

1997-ல் ஊழியத்துக்காக மும்பைக்கு வந்தேன். நம்முடைய ஊரின் வெயில் கொடியதாயிருந்தாலும், அங்கே காற்று உலர்ந்தது. வியர்வை ஆவியாகி, துணியில் உப்புக் கோடு மாத்திரம் மீதியாகும். கடலோர நகரமாகிய மும்பையில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கிறபடியால் வியர்வை உலர்வதில்லை. தாராவியிலோ கல்யாணிலோ இருந்து மின்சார ரயிலில் வேலைக்குப் போகிற சகோதரர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. தலைக்கு மேலுள்ள கைப்பிடியைப் பிடித்தே ஆகவேண்டும். பிடித்தால் நம்முடைய அக்குள் அடுத்தவருடைய முகத்துக்கு நேராக இருக்கும். பல ஆண்டுகள் நான் கைப்பிடியை விட்டுவிட்டு, கதவருகே கம்பியைத் தாழப் பிடித்துக்கொண்டு பயணம் செய்தேன். நெரிசலில் கதவருகே நிற்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இதற்கு ஒரு பெயர் உண்டென்றும், இதைப் பார்க்க மருத்துவர் உண்டென்றும் என் 38-வது வயது வரைக்கும் எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. செவிலியராகப் பணிபுரிந்த ஒரு சகோதரிதான் சொன்னார்கள். தோல் மருத்துவர் என்னை அதிகம் சோதிக்கவில்லை, கேள்விகளைக் கேட்டார். இரண்டு பக்கமும் ஒரே அளவாக வியர்க்கிறதா? தூங்கும்போது நின்றுவிடுகிறதா? 25 வயதுக்கு முன்பே ஆரம்பித்ததா? குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா? வாரத்தில் ஒருமுறையாவது வருகிறதா? அன்றாட வேலைக்குத் தடையாக இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் ஆம் என்றேன். "பாஸ்டர், இதற்கு ஹைப்பர்ஹைட்ரோசிஸ் என்று பெயர். இது உங்கள் சுத்தக் குறைவு அல்ல" என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகவே அவருக்குக் கட்டணம் கொடுத்திருக்கலாம்.

நம்முடைய தோலில் ஏறக்குறைய 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. உடல் சூடேறும்போது நரம்புகள் கட்டளையிட, அவை நீரைச் சுரந்து உடலைக் குளிரச் செய்கின்றன. இந்தக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சுரப்பிகள் எண்ணிக்கையில் கூடுதலாக இருப்பதில்லை. நரம்புகள்தான் தேவைக்கு மேல் கட்டளையிடுகின்றன. வெயிலுக்கு மட்டுமல்ல, பயத்துக்கும் வெட்கத்துக்கும் அக்குள் வியர்க்கும். வியர்க்குமோ என்று பயந்தால் அந்தப் பயத்தினாலேயே வியர்க்கும். அமெரிக்காவில் 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பேருக்கு மிகுவியர்வை இருப்பதாகக் கணக்கிட்டது. அவ்வளவு பேர் மௌனமாயிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் பிரித்து அறியவேண்டும். வியர்வைக்குத் தன்னில்தானே வாசனை ஏறக்குறைய இல்லை. அக்குளிலே, பருவ வயதில் வேலைசெய்யத் தொடங்குகிற வேறொரு வகைச் சுரப்பியும் உண்டு. அதன் கொழுப்புக் கலந்த கசிவைத் தோலின்மேல் வாழும் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. ஆகையால் சட்டை நனைந்தவன் எல்லாரும் நாற்றமுள்ளவன் அல்ல. சட்டை உலர்ந்தவன் எல்லாரும் மணமுள்ளவனும் அல்ல. ஈரத்தைக் கண்டவுடனே மூக்கைப் பொத்துகிறவர்கள் இதை அறியவேண்டும்.

எனக்கென்று மாத்திரம் இருந்திருந்தால் இதை நான் எழுதியிருக்கமாட்டேன். என் மகள் 11-ம் வகுப்பு படித்தபோது, சபையில் டாம்பரின் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். எட்டு வயது முதல் ஆவலோடு வாசித்தவள். பாடம் அதிகம் என்று காரணம் சொன்னாள். மே மாத வெயிலில் சுடிதாரின்மேல் ஒரு சால்வையையும் போர்த்திக்கொண்டு ஆராதனைக்கு வந்தபோது எனக்குக் காரியம் விளங்கிற்று. அன்றிரவு அவள் தாயும் நானும் அவளோடே உட்கார்ந்து பேசினோம். வெகுநேரம் அழுதபின், "அப்பா, இது உங்களிடமிருந்துதானே எனக்கு வந்தது?" என்று கேட்டாள். "ஆமாம் அம்மா. உன் தாத்தாவிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து உனக்கு. உன் குரலும் அப்படியே வந்தது" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "நாளைக்கு என்னைப் பெண் பார்க்க வருகிறவர்கள் குரலையா பார்ப்பார்கள்?" என்றாள். அந்த வாரமே தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம்.

இது சாபம் என்றும், விசுவாசக் குறைவு என்றும் பிள்ளைகளிடத்தில் சொல்லுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். ஆதியாகமம் மூன்றாம் அதிகாரம் முகத்து வியர்வையைப் பற்றிச் சொல்வது, அப்பத்துக்காக மனிதன் படும் பாட்டைக் குறித்ததேயன்றி, ஒரு பள்ளி மாணவியின் நரம்பைக் குறித்தது அல்ல. கெத்செமனேயில் நம் ஆண்டவருக்கும் வியர்த்தது என்று லூக்கா எழுதியிருக்கிறார். எசேக்கியேல் 44-ம் அதிகாரத்தில், உட்பிராகாரத்தில் ஊழியம் செய்யும் ஆசாரியர் ஆட்டுமயிர் உடையை விட்டுச் சணல்நூல் உடையை உடுத்தவேண்டும், வியர்வை உண்டாக்குகிற எதையும் கட்டிக்கொள்ளலாகாது என்று கட்டளை இருக்கிறது. கல்லூரியில் அந்த அதிகாரத்தைப் பரிசுத்தத்தைக் குறித்த பாடமாகப் படித்தேன். மும்பையில் துணிக்கடையில் நின்றபோது அதை வேறுவிதமாக நினைவுகூர்ந்தேன். குளிர் நாட்டு மிஷனரிகளிடமிருந்து நாம் கோட்டையும் கழுத்துப் பட்டையையும் வாங்கிக்கொண்டோம். அவர்களுடைய குளிரை வாங்கவில்லை. இதற்காக நான் ஜெபித்தேன், இன்றும் ஜெபிக்கிறேன், இரவில் மருந்தும் பூசுகிறேன். இவற்றுக்குள் எந்தச் சண்டையையும் நான் கண்டதில்லை.

அந்த மருந்து எளிமையானது. அலுமினியம் குளோரைடு என்னும் உப்பு, 10 முதல் 20 சதவீதம் வரை கரைந்த திரவம். அதைப் பூசும் விதத்தில்தான் காரியம் இருக்கிறது. காலையில் குளித்துவிட்டு அவசரமாகப் பூசினால் பலன் குறைவு, எரிச்சல் மிகுதி. இரவில், சுரப்பிகள் அடங்கியிருக்கும் வேளையில், நன்றாக உலர்ந்த தோலின்மேல் பூசவேண்டும். அப்பொழுதுதான் அது வியர்வைக் குழாயின் வாயில் படிந்து அடைப்பாக நிற்கும். மழைக்காலத்தில் துடைத்தால் மட்டும் போதாது, மின்விசிறிக்கு நேரே சில நிமிஷம் கையை உயர்த்தி நிற்கவேண்டும். காலையில் கழுவிவிடலாம். சில இரவுகள் தொடர்ந்து பூசியபின், வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும். சவரம் செய்த அன்று பூசலாகாது. எரிச்சல் கண்டால் ஓரிரு நாள் விட்டுப் பூசுங்கள். மிஞ்சினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறுநீரக நோயுள்ளவர்கள் முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும். இது புற்றுநோயை உண்டாக்கும் என்று பரவுகிற பேச்சுக்கு நிரூபணம் இல்லை.

கடையில் வாங்குகிறவர்கள் டியோடரன்ட் என்பதற்கும் ஆன்டிபெர்ஸ்பிரன்ட் என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அறிந்து வாங்குங்கள். முன்னது நாற்றத்தை மாத்திரம் அடக்கும். வியர்வையைக் குறைப்பது பின்னதே. முகப் பவுடரை அள்ளிக் கொட்டுகிற நம்முடைய வழக்கம் சிறிது நேரத்தில் மாவுக்கட்டியாக முடியும். படிகாரக் கட்டியை நனைத்துத் தேய்க்கும் பழைய முறை பொய்யல்ல, அதுவும் அலுமினிய உப்பே. ஆனால் மிகுவியர்வைக்கு அதன் பலம் போதுவதில்லை. எலுமிச்சம்பழத்தைத் தேய்க்கச் சொல்லுகிறவர்களுக்குச் செவிகொடுக்காதீர்கள். என் மகளின் தோழி ஒருத்தி தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டாள்.

உடையிலும் சில காரியங்கள் உண்டு. சகோதரரே, கையில்லாத பனியனை விட்டு, கை வைத்த பருத்திப் பனியனை அணியுங்கள். அது ஈரத்தைச் சட்டைக்குச் சேராமல் குடித்துக்கொள்ளும். சாம்பல் நிறமும் வெளிர் நீலமும் நனைவை அதிகமாகக் காட்டும். வெள்ளையும், கரு நீலமும், பூப்போட்ட துணியும் மறைக்கும். சகோதரிகள் ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது, அக்குளில் பருத்தித் துணியை இரண்டு மடிப்பாக, கழற்றித் துவைக்கும்படி வைத்துத் தரச் சொல்லலாம். வெள்ளைச் சட்டையின் மஞ்சள் கறை, வியர்வையும் அலுமினிய உப்பும் சேர்ந்து உண்டாவது; பிளீச்சிங் பவுடரைப் போட்டால் அது இன்னும் மஞ்சளாகும்.

பூசும் மருந்து போதாதபோது வேறு வழிகளும் உண்டு. கிளைக்கோபைரோலேட், ஆக்ஸிபியூட்டினின் முதலிய மாத்திரைகளை மருத்துவர் எழுதித் தரக்கூடும். அவை உடல் முழுவதும் வியர்வையைக் குறைக்கும். வாய் உலரும், மலச்சிக்கல் உண்டாகும். வெயிலில் நின்று கட்டட வேலை செய்கிற சகோதரர்களுக்கு, உடல் குளிர வழியில்லாமல் வெப்ப மயக்கம் வரும் அபாயமும் உண்டு. உங்கள் வேலை இன்னதென்று மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். அக்குளில் போடும் போட்டாக்ஸ் ஊசியை 2004-ல் அமெரிக்க மருந்துத் துறை அங்கீகரித்தது. பலன் சில மாதங்கள் நன்றாக நிற்கும், பிறகு மீண்டும் போடவேண்டும். நம்மில் அநேகருடைய சம்பளத்துக்கு அது எட்டாது. மார்புக்குள்ளே நரம்பைத் துண்டிக்கிற அறுவை சிகிச்சையும் இருக்கிறது. எங்கள் சபை வாலிபன் ஒருவனுக்கு ஒரு மருத்துவமனையில் முதல் நாளே அதற்குத் தேதி குறித்தார்கள். நான் அவனைத் தடுத்து வேறொரு மருத்துவரிடம் அனுப்பினேன். அந்தச் சிகிச்சைக்குப் பின் முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் வியர்வை பெருகுவது சாதாரணம். வெட்டிய நரம்பை மறுபடியும் ஒட்டவைப்பதும் அரிது. அக்குள் வியர்வைக்கு அது கடைசி வழியேயன்றி முதல் வழியல்ல.

ஒன்றை மாத்திரம் அசட்டை செய்யாதீர்கள். சிறுவயது முதல் இல்லாமல் நடுவயதில் திடீரென்று வியர்வை பெருகினால், அல்லது தூக்கத்தில் படுக்கை நனையுமளவுக்கு வியர்த்தால், அது வேறு காரியம். தைராய்டு மிகுதி, சர்க்கரை நோய், சில மாத்திரைகளின் விளைவு, சகோதரிகளுக்கு மாதவிடாய் நிற்கும் காலம் ஆகியவற்றில் ஏதேனும் காரணமாயிருக்கலாம். இரவு வியர்வையோடு எடை குறைந்து, மாலைக் காய்ச்சலும், இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமலும் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை செய்யவேண்டும். நெருக்கமான அறைகளில் ஆறேழு பேராகத் தங்கியிருக்கிற நம் வாலிபர்களே, அரசு மருத்துவமனைகளில் அந்தப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

என் மகளுக்கு மருந்து முழுவதும் நிறுத்தவில்லை. பாதிக்கு மேல் குறைத்தது. சால்வையை விட்டுவிட்டாள். டாம்பரினை மறுபடியும் எடுப்பதற்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று. அதை நாங்கள் ஒருநாளும் வற்புறுத்தவில்லை.

உடன் ஊழியரே, உங்களிடத்தில் ஒரு விண்ணப்பம். "கரங்களை நன்றாக உயர்த்துங்கள்" என்று மேடையிலிருந்து ஒருவரைச் சுட்டிச் சொல்லாதீர்கள். கடைசி வரிசையையும் தூண் மறைவையும் தேடிப் போகிறவர்களில் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஆலயத்தில் நான்கு மின்விசிறிகள். அவற்றில் இரண்டு மேடையின்மேல் சுழன்றுகொண்டிருந்தன. மூப்பர்களிடம் பேசி, ஒன்றைக் கழற்றிக் கடைசி வரிசைக்கு மேலே மாட்டினோம். பிரசங்கிக்கும்போது எனக்கு முன்னிலும் அதிகமாக வியர்க்கிறது. கோட்டு அணிவதில்லை.