முதலில் ஏசியை நிறுத்துவார்கள்

மேடவாக்கம் கூட்ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் பறவை மருத்துவமனை அது. வெளியே வெயில் கொளுத்துகிறது. அறுவை அறைக்குள் நுழைந்ததும் உதவியாளர் அக்கா செய்த முதல் வேலை, ஏசியை அணைத்தது. "மயக்கம் கொடுத்துட்டா இதுங்களுக்குக் குளிர் தாங்காது சார்."

மேசையில் ஒரு காக்டீல் கிளி, 90 கிராம். முகமூடி வழியாக ஐசோஃபுளூரேன் என்ற மயக்க மருந்து போகிறது. பறவையின் இயல்பான உடல்சூடு 40 முதல் 42 டிகிரி செல்சியஸ். மயக்கத்தில் தசைகள் ஓய்ந்துவிடும், ரத்தக்குழாய்கள் விரிந்து சூடு வெளியேறும். சிலிண்டரிலிருந்து வரும் உலர்ந்த வாயு நுரையீரலோடு நிற்காது. காற்றுப்பைகள் வரை போய் உள்ளிருந்தே சூட்டை எடுத்துவிடும். அதனால் அக்காவின் கை ஓயவில்லை. வெந்நீரில் சூடேற்றிய குளுக்கோஸ் பாட்டிலைத் துணியில் சுற்றி அணைவாக வைத்தார். பார்சல்களில் வருமே, அந்தக் குமிழித்தாளைப் போர்த்தினார். ஸ்பிரிட் தொட்ட பஞ்சை ஒரே ஒரு முறை ஒற்றினார். தோல் நனைந்தால் அதுவும் குளிர்தான். வெப்பமானி மீதிருந்து அவர் கண் விலகவே இல்லை. இந்த வேலைக்கு மருத்துவச் சீட்டில் பெயர்கூடக் கிடையாது.

ரத்தம் கழுத்தின் வலப்பக்கச் சிரையிலிருந்து எடுக்கப்பட்டது. இந்த எடைக்கு உடம்பில் மொத்தமே 9 மி.லி. அளவுதான் இருக்கும், 0.9 மி.லி.க்கு மேல் எடுக்கக் கூடாது.

இந்தச் சிறிதளவு ரத்தமே நிறையச் சொல்லும். நம் சிவப்பணுக்களில் உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. பறவைக்கு இரண்டும் உண்டு. குளிரில் சூடு காக்க உடல் கூடுதலாக எரிபொருளை எரிக்கும்போது, ஆக்சிஜனில் ஒரு சிறு பங்கு மூர்க்கமான வடிவெடுத்து செல் சவ்வையும் டி.என்.ஏ.வையும் தாக்கும். குளூட்டாதயோன் போன்ற காப்புப் பொருள்கள் ஈடுகொடுக்க முடியாத நிலைதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம். பறவையின் சிவப்பணு இதை உண்டாக்கவும் செய்யும், இதனால் அடிபடவும் செய்யும். அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் பறவையைக் கொல்லாமல் ஒரு சொட்டு ரத்தத்தில் அதன் நிலையைப் படிக்கிறார்கள். ஆனால் மயக்கத்தில் கிடந்த பறவை குளிர்ந்தும் போயிருந்தால், மாறுதல் மருந்தாலா குளிராலா என்று அந்தச் சொட்டு சொல்லாது.

பக்கத்து அறையில் ஆய்வகத் தம்பி. மனித ரத்தத்துக்கான எண்ணும் இயந்திரம் இங்கே உதவாது. உட்கருவுள்ள சிவப்பணுவை வெள்ளணு என்று கணக்கில் சேர்த்துவிடும். ஆகவே நுண்ணோக்கியில் கட்டம் கட்டமாகக் கண்ணால் எண்ணுகிறார். "ஐஸ் மேல குழாயை நேரா வெச்சீங்கன்னா உறைஞ்சு அணு உடைஞ்சிடும் சார்" என்று, ஐஸ் பேக்குக்கும் குழாய்க்கும் நடுவே செய்தித்தாளை மடித்து வைத்தார்.

எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதிவிட்டு, "அக்கா, சூடு எவ்வளவு இருந்தது?" என்று குரல் கொடுத்தார். அக்கா சொன்ன டிகிரியையும் மயக்கத்தில் கழிந்த நிமிடங்களையும் ஓரத்தில் கையால் குறித்தார். படிவத்தில் அதற்குக் கட்டம் அச்சிடப்படவில்லை.